மஞ்சள் திரைச்சீலைக்கு நடுவே ஓர் அருவி

வாடகை வீடு பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. வேறு யாருக்கும் அப்படி ஓர் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

தென்காசியில் நாங்கள் இருந்த வீடு இருட்டு. என் மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். போட்டாலும் கண்ணில் நீர் வடியும். "ஒரு சன்னல் போதும், வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

செல்போனில் தேடினேன். குற்றாலம் போகும் வழியில் ஒரு வீடு. மூன்றாவது படத்தில் சுவர் அகலத்துக்குச் சன்னல், இருபுறமும் மஞ்சள் திரைச்சீலை, நடுவில் பச்சை மலை, வெள்ளை வெளேரென்று அருவி.

"ஐந்தருவிதான். எண்ணிப் பாரு" என்றேன்.

எண்ணினாள். "ஏழு இருக்கு."

"சீசன்லா, தண்ணி கூட வருது."

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். சாரல் சமயத்தில் குற்றாலச் சாலையில் வெளியூர் வண்டிகள் நத்தையாய் நகரும். அதற்குச் சோம்பல்பட்டு போனிலேயே பேசி முடித்துவிட்டேன்.

நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சப் போனோம். அவள் கையில் பால் சட்டி, என் கையில் சாமி படம், பின்னால் லோடு ஆட்டோவில் சாமான்கள். உள்ளே நுழைந்ததும் சன்னலைத் திறக்கக் கொக்கியைத் தேடினேன். தேடிய வேகத்தில் நகம் பட்டு அருவி ஓரமாகக் கிழிந்தது.

"மெதுவா தம்பி! அது சுவத்துல ஒட்டுன படம்லா" என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி.

"அப்ப சன்னல் எங்கன?"

"சன்னல் இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. பாக்க லெச்சணமா இருக்கேன்னு படம் எடுத்துப் போட்டேன். ஏதோ வெளிநாட்டு அருவியாம். நீங்க இந்த ஊர்க்காரர்னுல்லா சொன்னிய?"

பிறந்ததிலிருந்து குற்றாலத்தில் குளிப்பவன். கிழிந்த ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தேன்.

"நேரம் போவுது, பாலைக் காச்சு தாயி" என்று அண்ணாச்சி அவசரப்படுத்தினார். பால் பொங்கிவிட்டால் குடி வந்தது மாதிரி. அப்புறம் வீடு வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். இவள் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான் எங்கன உக்காந்து தைக்க?" என்று என்னைக் கேட்டாள். நான் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். தெருவாசலில் நின்றாள். அங்கே மட்டும் தாராளமாக வெளிச்சம் இருந்தது.

"மெஷின முதல்ல இறக்குங்க."

"முதல்ல சாமி படம்லா உள்ள போகணும்?"

"சாமிக்குச் சன்னல் வேண்டாம்."

படத்தை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, நானும் டிரைவரும் தையல் மெஷினைத் தூக்கி வந்து வாசலுக்குள் குறுக்காகப் போட்டோம். சட்டியை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தாள். கறுப்பு நூலை எடுத்து ஒரே தடவையில் ஊசியில் கோத்தாள். பிறகுதான் எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

வாசலை மெஷின் அடைத்துக்கொண்டதால் பீரோவும் கட்டிலும் பின்வாசல் வழியாக வந்தன. பின்னாலேயே நானும். இன்றைக்கும் வேலை முடிந்து வந்தால் சந்துக்குள் புகுந்து, வீட்டைச் சுற்றி, அடுப்படி வழியாகத்தான் உள்ளே வருகிறேன். ஞாபகமில்லாமல் முன்பக்கம் வந்து நின்றால் அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"வெளிச்சத்த மறைக்காதீங்க."