வீட்டுக்காரன் ருசி பார்க்காத கோதுமை

ரோசந்தாவுக்கு ஒருத்தரை வெறும் வயிற்றோடு அனுப்பத் தெரியாது. பெல்கிரேடு பக்கத்துக் கொலுபரா ஆற்றங்கரை ஊரில், பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. அந்தக் கூண்டுக்குள் டிக்கெட் கட்டுக்குப் பக்கத்திலேயே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பீத்தா ஒரு தட்டு இருக்கும். டிரைவர்களுக்கு, அழுகிற குழந்தைகளுக்கு, சில்லறைக்குச் சண்டை போடுகிறவனுக்குக்கூட ஒரு துண்டு உண்டு. மின்சார மீட்டர் பார்க்க வந்தவனுக்குக் கறி பொதிந்த முட்டைக்கோஸ் சார்மாவைப் போட்டுப் போட்டு, அவன் அங்கேயே நாற்காலியில் தூங்கிப்போன கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். அப்பேர்ப்பட்டவளின் புருஷனுக்கு வந்த வியாதிக்கு முதல் வைத்தியம் பட்டினி. தலையெழுத்து என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அவர்கள் குடும்பத் திருநாளான ஸ்லாவா நவம்பரில், அதிதூதர் மிக்கேலுக்கு. அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றபடியே இருக்க வேண்டும். அவள் புருஷன் விதோயே காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். முந்தின நாள் பன்றி வறுத்த இடத்தில் பிளம் சாராயம் கொஞ்சமாகவா உள்ளே போயிருக்கும்? கொஞ்சம் படு என்று ரோசந்தா கெஞ்சினாள். பாதிரியார் வந்துவிட்டுப் போகட்டும் என்றான். பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

பாதிரியார் வந்தார். வேகவைத்து, வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த கோதுமையை ஆசீர்வதித்தார். அதில் ஒரு கரண்டி வாயில் போடாமல் விருந்தாளி யாரும் அந்த வீட்டில் உட்கார முடியாது. விதோயே கரண்டிக்குக் கை நீட்டினான். நீட்டின கையோடு அப்படியே சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொசாரா, சின்ன வயசுக்காரி, கணையம் வீங்கியிருக்கிறது, ஹார்மோன் மருந்து ஏற்றப் போகிறோம் என்றாள். ரோசந்தா குறுக்கே பாய்ந்தாள்.

"ஹார்மோன்னா வேணாம் டாக்டரம்மா. என் தங்கச்சி அதைத் தின்னுதான் மூஞ்சி பன்னு மாதிரி உப்பிப்போனா."

"அது வேற, இது வேறம்மா. நம்ம உடம்புலயே செரிமானத்தை அடக்கி வைக்க ஒரு ஹார்மோன் சுரக்குது. அதே மாதிரி செஞ்ச மருந்து இது. அவரோட கணையம் தன் சாறாலயே தன்னை அரிச்சுக்கிட்டிருக்கு. சும்மா கெடன்னு இந்த மருந்து அதுகிட்ட சொல்லும். சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. பெரிய டாக்டருங்களே இதுல ஒத்துப்போகலை. ஆனா நீங்க ஒரு பருக்கை ஊட்டினாலும் அது முழிச்சுக்கும். உதட்டை மட்டும் நனைச்சு விடுங்க."

கட்டில் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று முணுமுணுத்துக்கொண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளியது. ரோசந்தா ஈரப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவள் கைக்கு வேலை இல்லை. ஆனாலும் வலி கொஞ்சம் அடங்கியது. அவன் கேலிகூடப் பேச ஆரம்பித்தான். நீ சமைக்காத வாரத்தில்தான் ஊர் ஆம்பளைகளுக்குத் தொப்பை கரையும் என்றான்.

அப்போதுதான் நாத்தனார் திவ்னா வந்து வாயைத் திறந்தாள். வந்தவன் போனவனெல்லாம் கோதுமை தின்றான், வீட்டுக்காரன் மட்டும் ருசி பார்க்கவில்லை, மிக்கேல் எப்படிக் காப்பாற்றுவார், பெண்டாட்டிக்கு இதுகூடவா தோன்றவில்லை என்று குத்தினாள். அது ரோசந்தாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பீத்தா சாப்பாடு, சார்மா சாப்பாடு. ஆசீர்வதித்த கோதுமை எப்படிச் சாப்பாடாகும்? மறுநாள் காப்பிக் கோப்பையில் கொஞ்சம் எடுத்துப்போய், நர்ஸ் திரும்பிய நேரத்தில் ஒரு கரண்டி ஊட்டிவிட்டாள். விதோயே அவள் முகத்தையே பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

அடுத்த நாள் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. மருந்து கேட்கவில்லை, பெல்கிரேடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், அங்கே வயிற்றைத் திறக்கவும் வேண்டியிருக்கலாம் என்றாள் டாக்டர். ரோசந்தாவுக்கு அந்த ஒரு கரண்டி கோதுமைதான் ஞாபகம் வந்தது. சொன்னால் புருஷனைக் கொன்றவள் என்பார்கள். சொல்லாவிட்டால், நல்ல மருந்தின் மேல் பழியைப் போட்டு அவனைக் கத்திக்கு அனுப்புவார்கள். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து மேல தப்பில்லை டாக்டரம்மா. நான்தான் ஊட்டினேன். ஸ்லாவா கோதுமை, ஒரு கரண்டி. என்னை என்ன வேணா பண்ணுங்க. மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க. மறுபடி பட்டினி போட்டா அடங்கிடும், இல்லையா?"

டாக்டர் திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கைகூடத் தெரிந்தது. எப்போது கொடுத்தீர்கள், எவ்வளவு என்று விசாரித்தாள். ரோசந்தாவுக்கும் உயிர் வந்தது. குற்றம் தன்னுடையதென்றால் திருத்திவிடலாமே.

"இல்ல," என்றான் விதோயே.

தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"முழுங்கலை ரோசா. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் இதுல துப்பிட்டேன். மந்திரிச்சதைக் குப்பையில போட மனசு வரலை. உங்கிட்ட சொன்னா அழுவே."

அவள் அழவில்லை. கோதுமை உள்ளே போகவில்லையென்றால், நிஜமாகவே மருந்துதான் கேட்கவில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, ஆம்புலன்ஸை வரச்சொல்ல வெளியே போனாள். கடவுளே, நான் கொடுத்ததுதான் காரணமாக இருந்திருக்கக் கூடாதா என்று ரோசந்தாவின் மனசு அடித்துக்கொண்டது. பழியே இல்லாமல் இப்படிக் கையை விரித்து நிற்பதற்கு, பழி ஆயிரம் மடங்கு மேல்.

ஆட்கள் வந்து அவனைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். வாகனத்தில் இடம் இல்லை, பின்னால் பஸ்ஸில் வாருங்கள் என்றார்கள். எத்தனையோ பேருக்கு அவளே டிக்கெட் கிழித்துக் கொடுத்த பெல்கிரேடு பஸ். வண்டி நடைக்கோடியில் திரும்பும்வரை விதோயே கையைத் தூக்கியபடியே போனான்.

காலிக் கட்டில் பக்கத்தில் ரோசந்தா முடிச்சை அவிழ்த்தாள். கோதுமை காய்ந்து துணியோடு ஒட்டிக்கிடந்தது. அதைக் குப்பையில் போட முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பக்கத்தில் நாற்காலி இருந்தது. அவள் உட்காரவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, நின்றபடியே, ஒரு கோதுமை மணிகூட விடாமல் விரலால் சுரண்டித் தின்றாள்.