ஷாஃப்ட் லைனில் மரம் சாய்த்த கதை

மரத்தை வேரோடு பிடுங்குகிற மிஷினை ஓட்டுகிறவனுக்கு வேலையைவிட வேடிக்கை பார்க்கிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. என்னைப்போலவே இரும்போடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பங்காருபேட்டை காண்டிராக்டர் ஒருவர் என்னையும் ஒரு சின்ன எக்ஸ்கவேட்டரையும் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார். சுரங்கத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் மரங்களை அகற்றி, ரோடு போட இடம் ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

சின்ன ஆள்

லாரியிலிருந்து மிஷின் இறங்கியதும் ஜனங்களுக்குப் பெருத்த ஏமாற்றம். பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரர்கள்கூட யானை வரும் என்று நினைத்து வந்திருந்தார்கள், இறங்கியதோ கன்றுக்குட்டி. ஆனால் அந்தச் சந்துக்குள் பெரிய மிஷின் திரும்பவே முடியாது. இது தகரக் கூரைகளுக்கு நடுவே நுழைந்து, மரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, பக்க வேர்களை அறுத்து, கையை உயர்த்தி அடிமரத்தை நெட்டித் தள்ளும். சங்கிலி மாட்ட என்னோடு இருந்தவர் முனிசாமி அண்ணன், சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மரம் எந்தப் பக்கம் படுக்கும் என்று அவர் கை காட்டினால் அங்கேதான் படுக்கும். என்னையறியாமல் கும்பிடத் தோன்றும்.

கடைசி வீட்டு ரத்தினம்மா அக்கா மட்டும் அசரவில்லை. நான் டீசல் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி இது, எங்க வூட்டுக்காரர் மாதிரியே கீது. ஆளு சின்னது, தீனி மட்டும் ஜாஸ்தி."

ஓட்டம்

முதல் மரம் ஒரு தைல மரம். அழகாகத்தான் சாய்ந்தது. தரை அதிர்ந்து நாலைந்து வீடுகளில் பாத்திரம் உருண்டது. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால் லைன் பெண்கள் எல்லாரும் ஓடுகிறார்கள். மரத்துக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். முனிசாமி அண்ணன் சிரிக்கவில்லை. பூமிக்கடியில் பாறை வெடித்தாலும் மேலே இப்படித்தான் குலுங்குமாம். குலுங்கினால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடி, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் யார் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்த்து நிற்பது அங்கே வழக்கம்.

ரத்தினம்மா அக்கா கையில் ஒட்டிய மாவோடு திரும்பி வந்தார். அவர் புருஷன் எல்லப்பன் அன்று ஷிப்டில் கீழே இருந்தார். "மரத்த தள்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்ல வாயில்லயா உனக்கு? என் உசுரு ஷாஃப்ட் வாசல்ல கெடக்குது, போய் எடுத்துக்குனு வா."

தட்டு

அன்றே முனிசாமி அண்ணன் ஒரு பழைய தண்டவாளத் துண்டைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். மரத்தைத் தள்ளுமுன் அதைக் கணகணவென்று தட்டுவார். கேஜ் மணி கேட்டே வளர்ந்த ஊர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். தட்டினால் மரம், பயப்பட ஒன்றுமில்லை.

பிறகு மரங்கள் வரிசையாக விழுந்தன. யாரும் ஓடவில்லை. ரத்தினம்மா அக்கா முறத்தில் அரிசி புடைத்தபடியே, "இன்னிக்கு நல்லா படுக்க வச்சே தம்பி, ஒரு டம்ளர் கூட உருளல" என்றார்.

விழாத மரம்

அடுத்தது பெரிய தூங்குமூஞ்சி மரம், வீடுகளை ஒட்டியே நின்றது. வேரெல்லாம் அறுத்தாயிற்று. அண்ணன் தட்டினார். நான் மிஷின் கையின் நுனியிலுள்ள வாளியை அடிமரத்தில் வைத்துத் தாங்கினேன். தள்ளவில்லை, இன்னும் தள்ளவே இல்லை. அதற்குள் தரை தூக்கிப் போட்டது. என் சீட்டே குதித்தது.

மரம் நிற்கிறது. அண்ணன் முகத்தில் ரத்தமில்லை. லைனில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ரத்தினம்மா அக்கா தலைகூட நிமிராமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லப்பன் அந்த நேரம் கீழே. நான் கத்தினால் என்ஜின் சத்தத்தில் என் காதுக்கே கேட்காது; இறங்கினால் மரம் வீட்டுமேல் சாயும். "அண்ணே, போய்ச் சொல்லுங்க" என்று கையால் காட்டினேன். அந்த வயதிலும் அவர் ஓடிய ஓட்டம்! "அது நாங்க இல்லம்மா, மரம் நிக்குது பாரு" என்றாராம். அடுத்த நிமிடம் லைனே காலி. மரத்தை வெட்டவெளியில் படுக்க வைத்துவிட்டு நானும் ஷாஃப்டுக்கு ஓடினேன்.

எல்லப்பனும் கூட இருந்தவர்களும் கடைசிக் கேஜில் வந்தார்கள், தலையெல்லாம் புழுதியோடு, முழு உடம்போடு. நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்? ரத்தினம்மா அக்கா அழவில்லை. புருஷன் தோளைப் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"இனிமே தட்டாத தம்பி. எதுவா இருந்தாலும் நாங்க ஓடியே பாத்துக்குறோம்."

மிச்ச மரங்களை ஆண்கள் எல்லாரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே சாய்த்தேன். என்னைப்போல் ஒரு சோம்பேறி டிரைவரைப் பார்த்ததேயில்லை என்று காண்டிராக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.