வேதக்காரன் உடைத்த தேங்காய்

பிரஷாந்தினி அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். ஊசியில் நூல் கோர்ப்பார். கோர்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். அந்த இடைவெளியில் நான் பல தடவை செத்துப் பிழைத்திருக்கிறேன்.

கூடப்பிறந்தவர் இல்லை, கார்ப் பைத்தியத்தில் சேர்ந்த அக்கா. மொன்றியலில், புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. பேருந்து இருக்கை, பல் வைத்தியரின் சாய்வு நாற்காலி, எது கிழிந்து வந்தாலும் புது உறை தைத்துப் போடுவார். பதினாறு வருடமாக இதுதான். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிப் படுக்கவேண்டிய மனுசி, கோட்-டெ-நெய்ஜில் தன் அடுக்குமாடியின் நிலத்தடித் தரிப்பிடத்தில் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஹொண்டா சிவிக் கார் ஒன்றை நிறுத்திவைத்து அதையும் தைத்தார். இரண்டு குளிர்காலம் போனது. இருக்கை, கதவு, கூரை எல்லாம் அரக்குச் சிவப்புத் தோல், பொன்நிற நூல், முழுக்கக் கைத்தையல். கூரையில் சாய்சதுரக் கட்டங்கள், ஒவ்வொரு சந்தியிலும் அவர் கைக்கு மட்டுமே வருகிற ஒரு முடிச்சு. எஞ்சின் வேலையும் காரைத் தரையோடு தரையாகப் பதித்த வேலையும் என்னுடையவை. நான் துறைமுகத்தில் கொன்டெய்னர் லொறி ஓட்டுகிறவன். எனக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது.

போன வருடம் லாவாலில் நடந்த ஒரு கார்க் காட்சிக்கு விண்ணப்பத்தை என் போனில் நான்தான் நிரப்பினேன். பெயர் கேட்ட இடத்தில் பழக்கதோஷத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேன். உள்வேலைக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ‘அனுஜன்’ என்று வெட்டிய தகடு ஒன்றைக் கையில் தந்தார்கள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்க ஆளில்லை. அக்கா ஊசியில் நூல் கோர்த்தார்.

“உன்ர பேர்தானே கிடக்கு. கொண்டுபோய் உன்ர வீட்டில வை.”

என் அம்மா மாக்கிரட் அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வந்தவர் போனவருக்கெல்லாம், “என்ர மகன் தைச்சது” என்று காட்டினார். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம் ஒரு வருடமாக என் தொண்டைக்குள் மீன்முள்ளாகக் கிடந்தது.

இந்த ஆனியில் அமெரிக்காவில், மசாச்சூசெட்ஸ் பக்கம் ஒரு பெரிய காட்சி நடந்தது. முன்னூறுக்கு மேல் கார்கள். விண்ணப்பத்தை அக்கா தானே நிரப்பினார்.

“பரிசு தராட்டியும் பரவாயில்லை,” என்றார். “தைச்சது நான் எண்டு அவங்கள் அறியவேணும். அவ்வளவுதான்.”

சனிக்கிழமை காலை மூன்று பேர் புறப்பட்டோம்: அக்கா, நான், அக்காவின் பள்ளித் தோழி ஜென்சி. ஜென்சிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தூக்கி இறக்குகிற வேலை. கையும் பலம், வாயும் பலம். குற்றம் செய்தவன் பரிகாரம் செய்யவேண்டாமா? நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான், ஆனால் அக்கா சைவம். பயணத்துக்கு முன் சைவக்காரர் தேங்காய் உடைப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஒரு தேங்காய் வாங்கிவந்து காருக்கு முன்னால் ஓங்கி அடித்தேன். இரண்டு பாதியாக அழகாகப் பிளந்தது. உடைத்ததைப் பொறுக்கி ஓரமாக வைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சாமிக்கு உடைத்ததை நாம் எப்படித் தொடுவது என்று பக்தியோடு விட்டுவிட்டேன்.

எங்கள் காருக்கும் தரைக்கும் இடைவெளி இரண்டு விரல். அக்கா காரை நகர்த்தினார். டமாரென்று ஒரு சத்தம். முன் பம்பருக்குக் கீழே பூட்டியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு ஒரு முழத்துக்குப் பிளந்து தொங்கியது.

“வேதக்காரன் தேங்காய் உடைச்சா இப்பிடித்தான்,” என்றாள் ஜென்சி. “உனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தத் தெரியாதோ?”

அக்கா தன் தையல் பெட்டியைத் திறந்து ஊசியில் நூல் கோர்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வசவு வரவில்லை. கண்ணைத் திறந்தால், அக்கா நிலத்தில் படுத்துக் குத்தூசியால் துளை போட்டு, அதே பொன்நிற நூலால் பிளவைத் தைத்துக்கொண்டிருந்தார்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி, ஓட்டிக்கொண்டிருந்த அக்காவைத் தாண்டிக் குனிந்து என்னைக் கேட்டார்: “நல்ல கார். உன்னுடையதா?” நான் அக்காவைக் காட்டினேன். அவர் சிரித்தார், நம்பவில்லை. அக்கா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலை காட்சி மைதானத்தின் வாசலில் ஒரு வேகத்தடை. என்னதான் ஊர்ந்து ஏறினாலும் தையலில் பாதி அறுந்துவிட்டது. நடுவர்கள் வர இருபது நிமிடம் இருந்தது. அக்கா புல்லில் படுத்துக் காருக்குக் கீழே நுழைந்தார்.

நடுவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள், இரண்டு பேர். வந்ததும் என் கையைத்தான் பிடித்துக் குலுக்கினார்கள். நரைத்த குடுமிக்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்து கூரையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“எந்தப் பட்டறையில் செய்வித்தாய்?” என்று என்னைக் கேட்டார்.

“பட்டறை இல்லை. செய்தவர் அங்கே,” என்று கீழே கை காட்டினேன். இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன.

“உன் மெக்கானிக்கா?”

எனக்குத் தலைக்குமேல் கோபம் ஏறியது. நான் பதில் சொல்லுமுன் கீழேயிருந்து குரல் வந்தது.

“டேய் அனு, ஊசி இழுக்க அந்தக் குறட்டை எடு.”

மொழி புரியாவிட்டாலும் நீட்டிய கை புரிந்தது. குடுமிக்காரர் தானே குறட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் அப்படியே புல்லில் மண்டியிட்டுவிட்டார். ஊசி போவதையும் வருவதையும் குனிந்து பார்த்தார். அக்கா கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டினார். குடுமிக்காரர் அந்த முடிச்சைத் தொட்டார். எழுந்து போய்க் கூரையைத் தொட்டார். திரும்பி வந்து மறுபடி இதைத் தொட்டார். இரண்டும் ஒரே முடிச்சு.

அக்கா வெளியே வந்தார், தலை முழுக்கப் புல். குடுமிக்காரர் தன் தாளையும் பேனையையும் அவரிடம் நீட்டினார். “உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.” அக்கா கையை ஜீன்ஸில் துடைத்துவிட்டு, பெரிதாக, அழுத்தி எழுதினார்.

மாலையில் உள்வேலைக்கான முதல் பரிசுக்கு அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். “எங்கட பெட்டையடா!” என்று ஜென்சி கத்திய கத்தலில் மைதானமே திரும்பிப் பார்த்தது. அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். நான் அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்?

மொன்றியல் திரும்பியதும் காரை நேரே எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். கதவைத் திறந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்துவிட்டார்.

“மகன் திருப்பியும் வெண்டிட்டானோ?”

“இல்லையம்மா. அக்கா வெண்டவ. போனமுறையும் அவதான். எல்லாம் தைச்சது அவ.”

அம்மா தகட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னை.

“அப்ப நீ என்னடா செய்தனி?”

“தேங்காய் உடைச்சனான்.”

அம்மா மாதாவுக்குப் பக்கத்திலிருந்த தகட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா பெட்டியைத் திறந்தார். இந்த முறை நூல் கோர்க்கவில்லை. குத்தூசியை எடுத்து என் பெயருக்கு மேலே நீளமாக ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே தன் பெயரைக் கீறத் தொடங்கினார்.

அம்மா மேசை விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தார்.

“ஆழமாக் கீறு பிள்ளை,” என்றார்.