திரைக்குப் பின்னால் ஒரு காதல் வசனம்

என் மகள் ஊமைப்படம் ஒன்றைப் பார்த்துச் சிரித்தாள். பணக்காரப் பெண்ணை ஏழை காதலிக்கும் கதை. எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வந்தது.

பாடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு அப்படியொரு படம் போட்டார்கள். திரைக்கு முன்னால் அதிகாரிகள் குடும்பம், பின்னால் தொழிலாளர் குடும்பம். எங்கள் பக்கம், வசனமாக வந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது.

"இன்னா எழுதிக்கீதுன்னு படிடா" என்றார் அப்பா. ஐந்தாம் வகுப்பு மேதை நான், கூசாமல் அளந்தேன்: "மாலதி, உங்கப்பன் கெடக்கறான், வா ஓடிப் போலாம்!"

மாலதி மேனேஜர் மகள். மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. அப்பாவின் வேலை போச்சு என்று பாய்க்குள் சுருண்டேன். திரையோரத்தை விலக்கி மாலதியே எட்டிப் பார்த்தாள்.

"எழுதியிருக்கறதைவிட இதுதான் நல்லாருக்காம். எங்கப்பா சத்தமாச் சொல்லச் சொல்றார்."

அப்பா முதுகில் தட்டினார்: "சொல்லு நைனா."

நான் பாயை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.