மடியில் வேலிப்பெட்டி

சாரங்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. பல்லி விழுந்தால் பயம், கோயிலில் வெடி கொளுத்தினால் பயம், பஸ் கொஞ்சம் வேகமாக ஓடினால் பயம். ஆறு வயதில் சண்டைக்காலத்தில் பங்கர்க் குழிக்குள் இருந்ததால் வந்தது என்று அவளுடைய அம்மா கமலாசனி மாமி சொல்லுவா. அதே வயதில் நானும் பங்கருக்குள் இருந்தவள்தான். எனக்கு வாய் நீண்டது, அவளுக்குப் பயம் நீண்டுவிட்டது. அப்படிப்பட்டவள் மின்சாரச் சாமான் திருத்தப் படிக்க வந்ததுதான் விந்தை.

ஆசைப்பட்டு வரவில்லை. உயர்தரப் பரீட்சை இருவருக்கும் சரிவரவில்லை. வவுனியா நெளுக்குளத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் தையல் வகுப்புக்கு விண்ணப்பிக்கப் போனோம். தையல் நிரம்பிவிட்டது. இலத்திரனியல் திருத்தலில் இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது என்றார்கள். நான் அவளைக் கேட்காமலே இரண்டு பேருடைய பெயரையும் எழுதிக் கொடுத்தேன். யதுர்ஷிகா என்ற என்னை அந்தரப்பட்டவள், எதிலும் அவசரக்காரி என்று ஊரில் சொல்லுவார்கள். பொய்யில்லை.

முதல் வாரம் லக்சிகா மிஸ் பழைய ரிவி ஒன்றைத் திறந்து வைத்தா. வயரைக் கழற்றி அரைமணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும் கப்பாசிற்றரின் இரண்டு காலையும் திருப்புளியால் தொட்டா. 'பட்' என்று ஒரு நெருப்புப் பறந்தது. சாரங்கா மேசைக்குக் கீழே போய்விட்டாள். வகுப்பே சிரித்தது, எல்லாரிலும் கூடச் சிரித்தது நான்.

"சிரிக்காதேங்கோ," என்றா மிஸ். "நிப்பாட்டின சாமான் செத்த சாமான் எண்டு நினைக்காதேங்கோ. உங்களிலை பயந்தது அவ ஒருத்திதான். நான் கடைசிமட்டும் பயப்படாமல் வேலை குடுக்கக்கூடிய ஆளும் அவதான்."

பிறகு இந்தப் படிப்பால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று பலகையில் எழுதினா. போன் கடை, ரிவி, பிரிட்ஜ், சோலர், ஆஸ்பத்திரி மெசின்கள், வெளிநாடென்றால் கட்டார். பொடியன்களின் கண் கட்டாரில் நின்றது. சாரங்கா கையை உயர்த்தினாள்.

"மிஸ், இதுகளிலை எதிலை வோல்ட் குறைவு?"

"போனிலை. ஐஞ்சும் வராது."

"அப்ப நான் போன்," என்றாள்.

அன்றிலிருந்து எதைத் தொடுவதற்கு முன்னும் கரண்ட் இருக்கிறதா என்று ரெஸ்டரை மூன்று தரம் வைத்துப் பார்ப்பாள். நான் அவளுக்கு 'மூண்டுதரம்' என்று பட்டம் வைத்தேன். அவளுடைய அப்பா பரமலிங்கம் மாமா என்னைவிட மோசம். "உன்னை நம்பி வீட்டிலை ஒரு பல்ப்பும் மாத்தேலாது பிள்ளை. நீ பார்த்து முடிக்க விடிஞ்சிடும்," என்பார்.

மாமாவின் வயல் நெடுங்கேணிப் பக்கம், காட்டோரம். அவருடைய மூன்று ஏக்கரையும் பக்கத்து வயற்காரர் தில்லைநாதன் அண்ணையின் மூன்று ஏக்கரையும் சுற்றி ஒரே யானை வேலி. அதற்குக் கரண்ட் கொடுப்பது பற்றரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. செக்கனுக்கு ஒரு தரம் 'டிக்' என்று கண்ணிமைக்கும் நேரம் கம்பியில் அடி ஓடும். யானை பயந்து திரும்பும், சாகாது. மனிதரும் சாகார்கள். தை மாதம் இடி விழுந்து பெட்டி எரிந்துபோனது. வேறு வழியில்லாமல் சாரங்கா அதை வகுப்புக்குத் தூக்கி வந்தாள். போன் மட்டும் என்றிருந்தவளின் கைக்கு வந்த முதல் பெரிய வேலை எட்டாயிரம் வோல்ட்.

எரிந்த துண்டுக்கு மாற்றுத் துண்டு கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை என்றார்கள். வயலில் நெல் விளைந்து தலைசாய்ந்து நின்றது. யானை மூன்று நாள் வந்து ஒரு மூலையை உழக்கிவிட்டுப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாரங்கா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் மாமா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

"உவள் எப்ப திருத்தி, எப்ப வேலியிலை கரண்ட் ஓட?" என்றார்.

என் வாய் சும்மா கிடக்குமா? "உதுக்கேன் மாமா பெட்டி? நானெண்டால் தண்ணிப் பம்பிலை இருந்து நேரை ஒரு வயரை இழுத்து விட்டிடுவன். யானை கும்பிட்டுட்டுப் போகும்!"

இரண்டு பேரும் சிரித்தோம். சாரங்கா தேத்தண்ணியோடு வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டி 'டிக்' என்றது. சாரங்கா அழுதேவிட்டாள். சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் இருவரும் வவுனியாவிலிருந்து ஊருக்குப் புறப்பட்டோம். பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள். "மடியிலை கனம் இருந்தால் வழியிலை பயமாம்," என்று பகிடி பண்ணினேன். அவளும் சிரித்தாள்.

ஓமந்தை தாண்ட மாமியின் அழைப்பு வந்தது. பஸ் இரைச்சலில் கேட்காதென்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, அந்தரப்படாமல் வா. வேலிக்குக் கரண்ட் குடுத்தாச்சு. ராத்திரி ஒரு யானையும் கிட்ட வரேல்லை."

சாரங்கா பெட்டியைப் பார்த்தாள். "வேலி எப்பிடியம்மா? பெட்டி என்ரை மடியிலை எல்லோ கிடக்கு?"

"தில்லைநாதன் அண்ணையும் அப்பாவுமாப் பம்புக் கொட்டிலிலை இருந்து வயர் இழுத்தவை. அப்பா வேலிக்கு உள்ளுக்கை, காவற் கொட்டிலிலை படுத்தவர். அண்ணை விடிய வந்து நிப்பாட்டுறனெண்டு பம்புக் கொட்டிலைப் பூட்டிக்கொண்டு போனவர். பார்த்தால், அவர் செத்தவீடொண்டுக்கு முள்ளியவளைக்குப் போயிட்டாராம். அவற்றை போனும் வேலை செய்யேல்லை. அப்பா போன் கொண்டுபோகேல்லை, இன்னும் தேத்தண்ணிக்கும் வரேல்லை, அதுதான் நான் கொண்டுபோறன்."

"அம்மா, போகாதேங்கோ! கம்பியிலை தொடாதேங்கோ! அம்மா!"

"என்னடி, கேக்குதில்…" அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிட்டது.

திரும்ப எடுத்தாள். இல்லை. இன்னொரு தரம். இல்லை. அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. முற்றத்தில் மாமாவுக்கு நான் விட்ட பகிடி எனக்கு நினைவு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை.

"பம்பிலை இருந்து நேரை," என்று அவள் தனக்குள் சொன்னாள். "அது டிக் எண்டாது யது. சத்தமே வராது. பிடிச்சால் விடாது."

மாமியைத் தடுக்க வழியில்லை. பம்புக் கொட்டில் பூட்டின் திறப்பு தில்லைநாதன் அண்ணையோடு முள்ளியவளையில். மிச்சமிருந்தது ஒன்றுதான், அந்தப் பகுதி லைனையே நிறுத்துவது. அப்படிச் சொன்னால் மாமா மேல் வழக்கு வரும், பொலிஸ் வரும். இது எங்கள் இருவருக்கும் தெரியும். பஸ் புளியங்குளத்தில் திரும்பிவிட்டால் காட்டுப்பாதை, சிக்னல் கிடையாது. பல்லிக்குப் பயந்தவள் என்னோடு ஆலோசிக்கவே இல்லை. மின்சார சபைக்குப் போன் எடுத்தாள்.

"வயல் வேலியிலை நேரடிக் கரண்ட் ஓடுது. உடனை லைனை நிப்பாட்டுங்கோ, ஆள் இருக்கு உள்ளுக்கை." இடத்தைச் சொன்னாள். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "ஓம். இணைச்சது என்ரை அப்பா. பரமலிங்கம். எழுதிக்கொள்ளுங்கோ. ஆனா முதல் நிப்பாட்டுங்கோ."

பிறகு சிக்னல் போய்விட்டது. நாற்பது நிமிடம் காடு. நிறுத்தினார்களா, நம்பினார்களா, ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு மதகிலும் பஸ் குலுங்க, அவள் பெட்டியை இறுக்கிக்கொண்டாள். நான் ஊரிலுள்ள எல்லாத் தெய்வத்துக்கும் நேர்ந்தேன். என்னுடைய பகிடிதான் இது என்று சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன். பயம் விடவில்லை. எனக்கும் பயம் என்று ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது.

இறங்கிய இடத்தில் கடைக்காரர் கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டு நின்றார். "எந்த நாசமாப் போனவன் கரண்டை நிப்பாட்டினானோ," என்று திட்டினார். அந்தத் திட்டு என் காதில் தேனாக விழுந்தது. ஆனால் எப்போது நிறுத்தினார்கள்? நாங்கள் ஓடினோம்.

வரம்பில் மாமி குந்தியிருந்தா. தேத்தண்ணிப் போத்தல் கையில் அப்படியே இருந்தது. அவவுக்கு இருபதடி முன்னால், கம்பியோடு ஒட்டியபடி வீட்டு நாய் வீமன் கிடந்தது. மாமாவைக் காணும் ஆசையில் மாமியை முந்தி ஓடியிருக்கிறது. ஒரு சத்தமும் போடாமல் விழுந்ததாம். வேலிக்கு அந்தப் பக்கம், காவற் கொட்டிலின் வாசலில் மாமா இருந்தார். வேலி வாசலில் இருந்த படலையிலும் கம்பி. வெளியே வர வழியில்லை. கரண்ட் இருக்கிறதா, நின்றதா என்று அவருக்கும் தெரியாது. புருசனும் பெண்சாதியும் இருபக்கமும் இருந்து, ஒருவரை ஒருவர் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆறுதலில், "லைன் இல்லை மாமா, வாங்கோ!" என்று கத்தினேன்.

மாமா அசையவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "சாரங்கா," என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நீ வைச்சுப் பார்."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். செருப்பைச் சரிபார்த்தாள். ரெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தாள். கை கிடுகிடு என்று நடுங்கியது. ஒன்றுமில்லை. தள்ளிப்போய் இன்னொரு தூணில் வைத்தாள். ஒன்றுமில்லை. பம்பிலிருந்து வந்த வயரை வெட்டித் தூர இழுத்துவிட்டாள்.

"வாங்கோ அப்பா."

"மூண்டாம் தரமும் வை பிள்ளை," என்றார் மாமா. எங்களை எப்போதும் சிரிக்க வைக்கிற மனிதர் குழந்தை மாதிரி அழுதுகொண்டு நின்றார்.

அவள் மூன்றாம் தரமும் வைத்தாள். பிறகுதான் அவர் படலையைத் தொட்டார்.

பின்னேரம் பொலிஸ் வந்தது. "உங்கடை மகள் உதுதானே படிக்கிறா? அவவோ சொல்லித் தந்தது?" என்று கேட்டார்கள். சாரங்கா தலைகுனிந்து நின்றாள். தான் வீட்டில் வயர்களை வைத்துப் படித்ததைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு அந்த எண்ணம் வந்தது என்று அவள் அப்போதே முடிவுகட்டிவிட்டாள். மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை," என்றார். "என்ரை மூளைதான்."

வழக்கு இன்னும் நடக்கிறது. சாரங்கா படிப்பு முடித்து வவுனியாவில் ஒரு போன் கடையில் இருக்கிறாள், ஐந்து வோல்ட்டுக்குள். சனி ஞாயிறு மட்டும் ஊர் ஊராக வேலிப்பெட்டி திருத்தப் போகிறாள். இப்படி ஒரு வேலை லக்சிகா மிஸ்ஸின் பலகையில் இருக்கவில்லை. துணைக்கு நான் போவேன். அவளுக்கு இன்னும் கை நடுங்கும். நடுங்கிக்கொண்டே மூன்று தரம் பார்ப்பாள். நான் இப்போது சிரிப்பதில்லை.

போன கிழமையும் கேட்டாள். "அப்பாக்கு அந்த எண்ணம் என்னைப் பார்த்துத்தானே வந்தது, என்னடி?" நான் திருப்புளியை எடுத்து நீட்டினேன்.

அதனால்தான் இதை எழுதினேன். நாளைக்கு அவள் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது கையில் கொடுக்கப் போகிறேன். மாமா மறைத்து வைத்ததை நான் உடைக்கிறேன், அவர் மன்னிக்கட்டும். இதுவரை மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.