குவைத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு

எங்கள் ஹெட்மாஸ்டருக்கு வெள்ளிக்கிழமை என்றாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு ஏழாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமையானால் நாங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிக்கொண்டு சொகுசாக இருக்கிறோம் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். மறுநாள் பிரேயரில் எங்களைத் தனியாக வெயிலில் நிற்கவைப்பார். "தலைக்கு ஊத்திக்க ஞாயித்துக்கிழமை ஆகாதா? இப்படியே போனா ஹால் டிக்கெட் ராது, வரவே வராது, தெலிசிந்தா?" என்று பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் கத்துவார்.

அப்போது ஆந்திராவில் ஏழாவதுக்கே பொதுத்தேர்வு. ஹால் டிக்கெட் தரவில்லையென்றால் படிப்பு அதோடு சரி, மறுநாளே வேர்க்கடலை பிடுங்கப் போக வேண்டியதுதான். அது தெரிந்தும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட எண்ணெய்க் குளியல் கதை எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டோம்.

உண்மை இதுதான். நாகலாபுரம் பக்கத்து ஊர்களில் அந்த வருஷங்களில் ஏஜென்டுகள் வந்துபோக ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் காலனியில் ஒவ்வொரு அம்மாவாக வீட்டு வேலைக்குக் குவைத்துக்குக் கிளம்பினார்கள். என் அம்மாவும் போனாள். போனவர்களைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசியது. "குவைத்துக்காரி பொண்ணு" என்று என்னைக் கூப்பிட்டால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வெளியே வந்து போன் பேச முடியும். எங்களுக்கு இருந்ததோ பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில், பஸ் நிற்கிற இடத்தில் இருந்த ஒரே எஸ்.டி.டி. பூத். எத்தனை மணிக்குப் போன் வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தக் கடை வாசலிலேயே காத்துக் கிடப்போம். மணி அடிக்கும்போது ஆள் இல்லையென்றால் அந்த வாரம் அம்மா குரல் கிடையாது.

புதிதாக வந்த டீச்சர் திருச்சானூரிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் தாமதமாகி, பத்து மணிக்குமேல் வந்து இறங்கினார். எதிரே பூத் வாசலில் பாதி ஏழாம் வகுப்பு. அவர் கண் முதலில் எங்கள் தலைகளைத்தான் பார்த்தது.

"என்னாடி, ஒருத்தர் தலையும் நனையக்கூட இல்ல. இங்க குந்திக்கினு என்னா பண்றீங்க?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "எங்கம்மா போன் பண்ணும் டீச்சர். அது ஸ்கூலுக்கா வரும்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "ஏன், வந்தா ஆகாதா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கூத்து நடந்தது. டீச்சர் போய்க் கேட்டதும், பூத் அண்ணன் தன் போனிலிருந்தே பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு இணைப்பு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். தெரிந்த லைன்மேன் ஒருவர் ஒயரும் பழைய போனும் கொண்டுவந்தார். சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அப்பாக்கள் எல்லாரும் சவுக்குக் கொம்புகளோடு வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூட கேட்டுக்குள் காலே வைக்காத என் நைனா ஓட்டுக்கூரைமேல் ஏறி ஒயரைக் கட்டினார். ஹெட்மாஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழே நின்றார்.

"ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பாப்பேன். கிளாஸ் கெட்டுச்சோ, ஒயரை நானே அறுத்துப்போடுவேன்" என்றார். டீச்சர் சரியென்று தலையாட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு பெஞ்சும் காலியில்லை. ஆனால் எங்கள் காதெல்லாம் போன் வைத்திருந்த ஹெட்மாஸ்டர் அறையில். கணக்குப் பாடம் பாதியில் மணி அடித்தது. எழுந்து ஓடப் பார்த்தோம், டீச்சர் ஒரு பார்வை பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஹெட்மாஸ்டர் கதவருகே வந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து அம்மாவின் அலறல் அறை முழுக்கக் கேட்டது. "எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சி சார்? சொல்லுங்க சார்!" ஹெட்மாஸ்டர் குரலைக் கேட்டாலே ஏதோ விபரீதம் என்றுதானே எங்கள் ஊரில் அர்த்தம்.

மனிதர் பதறிப்போனார். ரிசீவரை எடுத்து, "ஒண்ணும் ஆகலம்மா, ஏமீ காலேது" என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, "உங்க பொண்ணு நல்லா படிக்குதும்மா" என்றார். என்னை அவர் நல்லவிதமாகச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ரிசீவரை என் கையில் கொடுத்தார். "பேசிட்டு கிளாஸுக்குப் போ. ஹால் டிக்கெட் வாங்கணுமா வேணாமா?"

"துன்னியாம்மா?" அம்மா எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான். துன்னேன் என்றேன். பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அது இன்னா சத்தம்?"

"வாய்ப்பாடும்மா. நான் ஸ்கூல்லேர்ந்து பேசறேன்."

அம்மா யாரிடமோ திரும்பிக் கத்துவது கேட்டது. போனுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்த எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களிடம்தான். "ஏய், எம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து பேசுதுடீ! ஸ்கூல்லேர்ந்து!"

அவர்கள் அத்தனை பேரும் கூச்சல் போட்டுச் சிரித்தது குவைத்திலிருந்து எங்கள் ஹெட்மாஸ்டர் அறைவரை கேட்டது.