மச்சாள் பிணைத்துவிட்ட மூன்று பெட்டிகள்

எங்கள் வாழைச்சேனைக் கணினி நிலையத்துக்கு மச்சாள் முதன்முதலாக வந்த அன்று, கணினிக்குப் போர்த்தியிருந்த பூப்போட்ட துணியை உருவி என் மடியில் எறிந்தார். "என்ன மச்சான், பொணத்துக்குப் போத்தின மாதிரி போத்தி வைச்சிரிக்கீங்க?" என்று கேட்டார். மச்சாள் என் மனைவியின் அக்கா. மட்டக்களப்பு நகரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவர். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டார்.

உன்னிச்சையிலும் கதிரவெளியிலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் வருவார், மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மச்சாள் பாடம் முழுவதையும் தன் கைபேசியில் பேசிப் பதிவு செய்தார். வான்கதவைத் திறந்தால் குளத்து நீர் ஏன் அப்படிச் சீறுகிறது என்பதில் தொடங்கி, முகத்துவாரத்து ஓட்டத்தில் தோணியை எந்தப் பக்கம் சரித்து வலிக்க வேண்டும் என்பது வரை எல்லாம் எங்கள் ஊர் உதாரணங்கள். அவற்றைப் பகிர ஒரு கட்டற்ற மென்பொருளைப் பிடித்தார். நடுவில் பெரிய கம்பனி எதுவும் கிடையாது. எங்கள் நிலையம், உன்னிச்சை நிலையம், கதிரவெளி நிலையம் என்று மூன்று ஊர்க் கணினிகளும் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்ளும். ஒன்றின் பொதுக் கோப்புறையில் எதைப் போட்டாலும் மற்ற இரண்டுக்கும் தானாக வந்துவிடும். கைபேசியில் இடம் போதாததால், ஒரு பாடத்தைக் கோப்புறையில் போட்டதும் மச்சாள் அதைக் கைபேசியிலிருந்து அழித்துவிடுவார். "வேலிக்கு மேலால கறி மாத்திற மாதிரித்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. ஒரு பென்டிரைவில் தனியாக எடுத்து வைப்போம் என்றேன். "மூண்டு இடத்திலயும் இரிக்கிறது எப்பிடி மச்சான் இல்லாமப் போகும்?" என்று என் வாயை அடைத்துவிட்டார். படித்த மனுசி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவருடைய தீராத சண்டையெல்லாம் மின்சுவிட்சோடுதான். எங்கள் ஆட்களுக்கு நிலையத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்காவிட்டால் நித்திரை வராது. இடி விழுமாம், கரண்ட் பில் ஏறுமாம். கணினி ஓடினால்தானே பாடம் போய்ச் சேரும்? மச்சாள் ஒவ்வொரு ஊருக்கும் தொலைபேசி எடுத்து ஏசுவார். போன மாரிக்கு முந்திய மாரியில் நோயில் படுத்தவர் எழும்பவில்லை. அதன் பிறகு ஏசுகிற வேலை என் தலையில் விழுந்தது.

இந்த ஆண்டு உன்னிச்சை அம்மன் கோயில் சடங்கை ட்ரோன் எல்லாம் பறக்கவிட்டு வீடியோ எடுத்தார்கள். அதைப் போட நிலையத்துக் கணினியில் இடம் இல்லை. அங்கே பொறுப்பாக இருக்கும் தம்பி பாடங்கள் முழுவதையும் அழித்துவிட்டு, அதே கோப்புறையில் சடங்கைப் போட்டுவிட்டான். நான் தொலைபேசியில் கத்தியபோது அவன் பதறவே இல்லை. "இஞ்ச மட்டுந்தானே அண்ணே அழிச்ச. மத்த ரெண்டு இடத்திலயும் இரிக்கிதானே?"

இல்லை. அந்த மென்பொருளுக்கு, போடுவது போலத்தான் அழிப்பதும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிக்கும். என் கணினி ஓடிக்கொண்டிருந்ததால் அதிலும் பாடம் இல்லை. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அழிந்ததற்கு மேலே வீடியோ எழுதப்பட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

மிச்சம் கதிரவெளி. அந்தக் கணினி வழக்கம்போல நிறுத்திக் கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சுவிட்சை இறக்கியவர்களை மனதார வாழ்த்தினேன். போட்டால் அங்கும் அழிந்துவிடும்; போடாமல் வைத்திருக்கச் சொல்லத் திரும்பத் திரும்ப அழைத்தேன். அங்கே பொறுப்பாக இருக்கும் தங்கச்சி எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாகரை வீதியில் பறந்தேன்.

நான் போய் இறங்கியபோது அவள் சிரித்த முகத்தோடு கணினிக்கு முன்னால் இருந்தாள். திரையில் வெளிச்சம். "ஃபோன் உள்ளுக்குக் கிடந்திரிக்கி அண்ணே. இத்தினை தரம் எடுத்திரிக்கீங்களே, பெட்டி நிப்பாட்டிக் கிடக்கெண்டு ஏசத்தான் எண்டு நினைச்சி உடனே போட்டுட்டன். சடங்கு வீடியோவும் வந்திட்டு. நல்ல கிளியரா இரிக்கி, இரிந்து பாருங்களன்."

நான் யாரை ஏசுவது? அவள் நான் சொன்னபடி செய்தவள். உன்னிச்சைத் தம்பி கணக்குப் பார்த்துத்தான் அழித்தான். எனக்கு மச்சாளின் மேல்தான் கோபம் வந்தது. எல்லாம் தெரிந்த மனுசிக்கு இது மட்டும் எப்படித் தெரியாமல் போனது? கேட்கலாம் என்றால் ஆளும் இல்லை. பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகள் "ரீச்சர்ட பாடம் எப்ப சேர் வரும்?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். மென்பொருளைக் கேட்டால், எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்று இடமும் ஒத்துப்போகிறது என்று காட்டுகிறது. அது பொய் சொல்லவில்லை. மூன்று பெட்டியிலும் இப்போது உடுக்குச் சத்தம் கேட்கிறது. மச்சாளின் குரல் ஒன்றிலும் இல்லை.